கயிறு பிடிக்கும் முன்னே குதித்தவன்

"சர்வர்" என்றால் என் மாமியாருக்கு 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படமும் நாகேஷும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆகையால், மாடி அலமாரியில் இருக்கும் சின்னக் கணினிப் பெட்டியைக் காட்டி, "இதுவும் ஒரு சர்வர்தான், அத்தை" என்று நான் சொன்னபோது, "இது யாருக்கு இலை போடப் போகிறது?" என்று சிரித்தார்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியை உலுக்கிய பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் கீழ்வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் நாத்தனாரின் மக்ரூன் கணக்கு நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. யார் எத்தனை பெட்டி கேட்டார்கள், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் நோட்டோடு போயிற்று.

கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் விடுமுறையில் வந்ததும், கணக்கை எல்லாம் மாடிக் கணினியில் ஏற்றினார். வீட்டில் யாருடைய கைபேசியில் கேட்டாலும் கணக்குப் பக்கம் வந்து நிற்கும். கேட்டவர்களுக்குப் பக்கத்தை எடுத்துப் பரிமாறுகிற நிரலுக்குத்தான் வெப் சர்வர் என்று பெயர். எங்கள் சர்வரின் பெயர் அப்பாச்சி. 1995 முதல் உலகமெங்கும் வேலை பார்த்து வருகிறது.

அவர் கப்பலேறினார், வினை ஆரம்பமாயிற்று. மின்சாரம் போய்த் திரும்பி வரும். மின்விசிறி சுற்றும், குளிர்பெட்டி உறுமும், கணினியின் விளக்கும் எரியும். ஆனால் கணக்குப் பக்கம் மட்டும் வராது!

"பெருக்கும்போது வயரை இழுத்திருப்பாய்" என்றார் மாமியார். பழுது பார்க்கும் பையனை அழைத்தோம். அவன் இரண்டு வார்த்தை தட்டினான்; சர்வர் எழுந்தது; கூலி வாங்கிக்கொண்டு போனான். அடுத்த முறை மின்சாரம் போனபோது மறுபடி அதே கதை.

மூன்றாவது முறை நடந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். முந்திரியை அரைத்து, முட்டை வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எத்தனை என்று தெரியாமல் தவித்தார் நாத்தனார். "தம்பி இருந்தவரை ஓடிற்று, உன் கைக்கு வந்ததும் படுத்துவிட்டது!" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

அன்று இரவு ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவர் பேசினார். சொன்னதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

முதலாவது, "இப்போது தொடங்கு" என்பது வேறு, "கணினி விழிக்கும்போதெல்லாம் தொடங்கு" என்பது வேறு. முன்னதற்கு ஸ்டார்ட், பின்னதற்கு எனேபிள். பார்த்தேன், இரண்டாவது கட்டளையும் சரியாகவே இருந்தது. அடுத்து, சர்வர் நிற்க வேண்டிய 80-ம் எண் வாசலில் வேறு நிரல் உட்கார்ந்திருக்கிறதா? இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். "விழுந்ததைக் கையால் தூக்கி நிறுத்திவிட்டுப் போகாதே, விழும்போது என்ன சொல்லிற்று என்று படி" என்றார்.

அதற்கு ஜர்னல்சிடிஎல் என்றொரு கட்டளை உண்டு. கணினியின் நாட்குறிப்பைக் காட்டும். அதில் ஒரு வரி இருந்தது: கேட்ட முகவரியில் நிற்க இயலவில்லை என்று.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று கணினியை மட்டும் அணைத்துப் போட்டேன். சர்வர் சமர்த்தாக எழுந்து நின்றது! எனக்குத் தலை சுற்றியது. மின்சாரம் போனால் விழுகிறது; நான் அணைத்தால் விழவில்லை. இது என்ன மாயம்?

மாமனார் திண்ணையில் இருந்தார். 1961-ல் எங்கள் கடலில் நடந்த கடைசி முத்துச் சலாபத்தைச் சிறுவனாகப் பார்த்தவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குளிக்கிறவன் எத்தனை சூரனானாலும், மேலே கயிறு பிடிக்கிறவன் தயாரான பிறகுதான் குதிப்பான், அம்மா."

சட்டென்று எனக்கு ரூட்டரின் ஞாபகம் வந்தது. கணினிக்கு முகவரி கொடுப்பது அதுதான். கணினி அரை நிமிஷத்தில் விழித்துவிடும். ரூட்டர் சாவகாசமாக இரண்டு மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் இரண்டும் ஒன்றாகக் கண் விழிக்கின்றன. நம் சர்வரோ, முகவரி கிடைக்கும் முன்பே குதித்து, நிற்க இடமின்றிப் படுத்துவிடுகிறது. நான் கணினியை மட்டும் அணைத்தபோது ரூட்டர் விழித்தே இருந்தது. அதனால்தான் குற்றம் தெரியவில்லை.

அப்பாச்சிக்கான குறிப்பில், "இன்ன முகவரியில், 80-ம் வாசலில் நில்" என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம். முகவரியை நீக்கி, வெறும் "லிசன் 80" என்று வைத்தேன். அப்படியென்றால் எந்த முகவரி எப்போது வந்தாலும் சரி என்று பொருள். வீட்டுக்குள் ஒரே வலை என்பதால் அதில் பாதகமில்லை. வலை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் வழியும் உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்புக்குக் கெடு உண்டு. ரூட்டர் அதற்கும் பிந்தினால் பழைய கதைதான்.

குறிப்பில் எழுத்துப் பிழை இல்லை என்று கான்ஃபிக்டெஸ்ட் கட்டளையால் பார்த்துக்கொண்டேன். பிறகு கணினியை முறையாக நிறுத்தி, கீழே இறங்கி, வீட்டு மெயின் ஸ்விட்சையே அணைத்தேன். மாமியாரின் தொடர் நடுவில் நின்றது. அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். நூறு எண்ணிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ரூட்டர் மெதுவாகக் கண் சிமிட்டியது. மூன்று நிமிஷம் கழித்து, நாத்தனாரின் கைபேசியில் கணக்குப் பக்கம் வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக வீட்டாருக்கு உடைந்த மக்ரூன்தான் கிடைக்கும். அன்று மாலை என் தட்டில், உடையாத மக்ரூன் ஆறு இருந்தன.