துறைமுகத்து சர்வர், ஆதிச்சநல்லூர் மாடி

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி எடைமேடையில் ஏறி இறங்க அதிக நேரம் பிடிப்பதில்லை. அதற்குள் பக்கத்து அறையில் இருக்கும் சர்வர் ஏழெட்டு வரிகளை எழுதி முடித்துவிடுகிறது: வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர், எடை, நேரம், தகவல் டெர்மினலுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா. சாதாரண நாளில் அந்த வரிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எடை சரிபார்க்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் தகராறு என்று வந்துவிட்டால் எல்லோரும் கேட்பது அந்த லாக் ஃபைலைத்தான்.

அந்த ஃபைலைத் திறந்து படிக்கிற ஆட்களில் சிலர் துறைமுகத்தில் இல்லை. தாமிரபரணியின் தென்கரையில், ஆதிச்சநல்லூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு மேசை, மூன்று மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர். சென்னையில் சர்வர் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெண்ணும், டிப்ளமா முடித்த அவருடைய சித்தி மகனும்தான் மொத்த அலுவலகம். எடைமேடை, சரக்குக் கிடங்கு, உப்பு ஏற்றுமதி, மீன் ஏற்றுமதி என்று சின்னச் சின்ன நிறுவனங்கள் வாடிக்கை.

நாம் போயிருந்தபோது காலை வேளை. எடைமேடையிலிருந்து போன்.

“ஏம்மா, ராத்திரி ரெண்டேகாலுக்கு எடை போட்ட வண்டி லிஸ்ட்டுல காணலியே. டிரைவர் கத்திக்கிட்டு கெடக்கான்.”

“லைன்ல இருங்க அண்ணாச்சி, பாக்கேன்.”

அந்தப் பெண் இன்றைய தேதியில் தேடவே இல்லை. நேற்றைய தேதியைப் போட்டு, 20.45 மணிப் பக்கம் போனார். வண்டி அங்கே நின்றது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். விடியற்காலை ஐந்தரைக்கு முன் நடந்ததெல்லாம் சர்வரின் கணக்கில் நேற்று நடந்தது. இது தெரியாமல் வண்டி வரவே இல்லை என்று சத்தியம் பண்ணியவர்கள் உண்டாம்.

பதிவை இன்னொரு இயந்திரத்திலிருந்து படிக்க வைக்கும் வேலையில் மென்பொருளை நிறுவுவது சின்னப் பங்குதான். அதிலும் ‘எல்நாவ்’ போன்ற இலவச லாக் வியூவர்கள் வந்தபின், சர்வர் பெயரையும் ஃபைல் இருக்கும் பாதையையும் கொடுத்தால் போதும். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போய் எடுத்துக் காட்டிவிடும். கஷ்டமெல்லாம் உள்ளே போகும் அனுமதியில் இருக்கிறது.

எஸ்எஸ்எச் 1995-இல் ஃபின்லாந்தில் பிறந்தது. பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதைக் கண்ட டாட்டு யூலோனென் அதை எழுதினார். அதற்குப் பிறகும் கடவுச்சொல்லை நம்பியே காலம் தள்ளுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இந்த மாடியில் அந்தப் பேச்சே கிடையாது. புதிய வாடிக்கையாளர் ஒருவருக்காகத் தம்பி செய்ததை அருகில் இருந்து பார்த்தோம். முதலில் தன் கணினியில் ஒரு ஜோடிச் சாவி உருவாக்கினான். ரகசியச் சாவி அவனிடமே இருந்துகொண்டது. பொதுச் சாவி மட்டும் சர்வருக்குப் போயிற்று. அங்கே இதற்கென்றே ஒரு தனிக் கணக்கு. பல லினக்ஸ் சர்வர்களில் பதிவு ஃபைல்களைப் படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு குழு உண்டு; அதில் அந்தக் கணக்கைச் சேர்த்தான். ஒரு வரியை அழித்துப் பார்க்கச் சொன்னார் அக்கா. முடியாது என்று சர்வர் மறுத்தது. “இப்ப சரி” என்றார்.

அடுத்த சிக்கல் நள்ளிரவில் வரும். பதிவு பெருத்துவிடாமல் இருக்க சர்வர் தினமும் பழைய ஃபைலுக்குப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, அதே பழைய பெயரில் புது ஃபைல் தொடங்கும். ஃபைலில் புதிதாக விழும் வரிகளைக் காட்டும் ‘டெயில்’ என்ற கட்டளையைச் சின்ன எஃப் போட்டு ஓட விட்டவர், ஒதுக்கிய ஃபைலையே பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் அசைவு இருக்காது, பிழையும் வராது. ராத்திரி முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம்! பெரிய எஃப் போட்டால் கட்டளை பெயரைப் பின்தொடர்ந்து புது ஃபைலுக்கு மாறிவிடும். ஒரே எழுத்துதான், ஆனால் இந்தத் தொழிலில் புதியவர்கள் பலர் இதில்தான் முதலில் வழுக்குகிறார்கள்.

டிரைவர் பெயர்கள் தமிழில் இருந்தால் யூடிஎஃப்-8 என்று சொல்லிவைக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். ஃபைல் பெரிதாக இருந்து இணைப்பு மெதுவாக இருந்தால் முழுவதையும் இறக்கக்கூடாது. தேடலைச் சர்வரிலேயே நடத்தி, கிடைத்த வரியை மட்டும் வரவழைக்க வேண்டும்.

இருந்த இடத்தில் வைத்தே பார்ப்பது என்பது இந்த ஊருக்குத் தாமதமாகக் கிடைத்த யோசனை. 1876-இல் இங்கே தோண்டிய ஜெர்மானியர் யாகோர், கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூருக்குப் போயின. முதுமக்கள் தாழிகளைக் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு மக்கள் பார்க்கும்படி தொல்லியல் துறை திறந்து வைத்தது 2023 ஆகஸ்டில்தான். பார்க்கலாம், தொட முடியாது. லாக் வியூவருக்கு வேண்டிய உரிமையும் அவ்வளவுதான்.

ஆனால் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கவும் முடியாது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த மழை அதைக் கற்றுக்கொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோயிற்று. இவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் தண்ணீருக்குள் போனது. பதிவும் அதோடு போனது. அதன்பிறகு ‘ஆர்சிஸ்லாக்’ வழியாக ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட கையோடு வேறு நகரத்து இயந்திரம் ஒன்றுக்கும் ஒரு நகல் போகிறது. உள்ளே நுழைந்த திருடன் முதலில் அழிக்கப் பார்ப்பதும் பதிவைத்தான் என்பதால், அந்த நகல் வெள்ளத்துக்கு மட்டுமான காப்பு அல்ல.

சட்டமும் இதைக் கேட்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வர்களின் கடிகாரத்தை அங்கீகரித்த நேர மூலத்தோடு ஒத்துவைக்க வேண்டும், தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சின்ன நிறுவனங்கள் பலவற்றில் இப்படி ஓர் உத்தரவு இருப்பதே தெரியாது என்கிறார் அந்தப் பெண்.

கிளம்பும் நேரத்தில் அவர் ஒரு சர்வரின் நுழைவுப் பதிவைத் திறந்து காட்டினார். இணையத்துக்குத் திறந்து கிடக்கும் 22-ஆம் போர்ட்டில் ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்று ஊர் பேர் தெரியாத முகவரிகளிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்; திரை நிற்காமல் ஓடியது. இத்தனைக்கும் நடுவில் அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. புது வாடிக்கையாளர், சர்வரில் எல்லா உரிமையும் தரும் ரூட் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பி, “பாத்து முடிச்சிருங்க மேடம்” என்று எழுதியிருந்தார்.

தூத்துக்குடி வட்டாரத்தில் சர்வர் வைத்திருக்கும் முதலாளிமார் இந்த ஒன்றையாவது நிறுத்த வேண்டும். பதிவு பார்க்க வருகிறவருக்கு, படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு தனிக் கணக்கைத் திறந்து கொடுங்கள். அந்தத் தம்பிக்கு அதற்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.