எந்த டூல் படிக்கலாம் பாஸ்?

உங்க கிளாஸ்ல நாலு பேர்கிட்ட, 'வெப் டெவலப்பர் ஆகணும்... எதைக் கத்துக்கலாம்?'னு கேட்டுப் பாருங்களேன். ஆறு பதில் வரும்! ஃபைனல் இயர் அண்ணன், 'ரியாக்ட் மட்டும் படி, வேற எதையும் தொடாதே' என்பார். லேப் அசிஸ்டென்ட், 'ஜேக்வெரி தெரியாம எப்படிப்பா?' என்பார். பக்கத்து ரூம் மச்சான், 'அதெல்லாம் பழசு... ஸ்வெல்ட்தான் கெத்து' என்பான். வேலைக்குப் போயிட்ட அக்கா, 'ஆங்குலர் படிச்சு வை' என்பார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிற கம்ப்யூட்டர் சென்டர் போர்டோ, இது மொத்தத்தையும் மூணே மாசத்துல கத்துத் தர்றதா சத்தியம் பண்ணும். ஃபீஸ் என்னன்னு கேட்டா, நம்ம ஒரு செமஸ்டர் மெஸ் பில்லைத் தாண்டும்!

எனக்கு வயசு இருபது. இன்ஜினீயரிங் தேர்ட் இயர். அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட். எஜுகேஷன் லோன் பேப்பர்ல அப்பா போட்ட கையெழுத்து, ராத்திரி கண்ணை மூடினா முன்னாடி வந்து நிக்குது. ஏதோ ஒரு டூலை நம்பி ஒரு வருஷம் உழைச்சு, அது திடீர்னு மண்டையைப் போட்டா என்ன பண்றதுங்கிற பயம் உங்களுக்கு இருக்கா? எனக்கும் இருந்துச்சு. அதனால செமஸ்டர் லீவுல ஒரு காரியம் பண்ணினேன். ஒரே ஒரு குட்டி வெப் பேஜ். அதையே நாலு விதமா, நாலு தடவை செஞ்சு பார்த்தேன். அதுல எனக்குத் தெரிஞ்சதை அப்படியே உங்ககிட்ட கொட்டறேன்.

மாசம் எவ்வளவு அனுப்பணும்?

ஹாஸ்டல்வாசிகளுக்கு 'டிவைடிங் சிஸ்டம்' பத்தி விளக்கவே வேணாம். டே ஸ்காலர்களுக்காக ரெண்டு வரி. அந்த மாசம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை, எல்லாரும் சாப்பிட்ட நாட்களோட கூட்டுத்தொகையால வகுப்பாங்க. வர்றதுதான் ஒரு நாள் ரேட். செலவு 3,60,000 ரூபாய், மொத்தம் 3,000 நாட்கள்னு வெச்சுக்கங்க... ஒரு நாளைக்கு 120 ரூபாய். நீங்க 24 நாள் சாப்பிட்டிருந்தா 2,880 ரூபாய். அவ்வளவுதான்.

என் ரூம்மேட்டோட அப்பா லோடு ஆட்டோ ஓட்டறார். மாசம் பொறந்தா, 'எவ்வளவுப்பா அனுப்பணும்?'னு போன் வரும். நோட்டீஸ் போர்டுல பில் ஒட்டற வரைக்கும் அவன்கிட்ட பதில் இருக்காது. இந்த சனி, ஞாயிறு ஊருக்குப் போனா மெஸ்ல மிச்சமாகற காசு பெருசா, பஸ் சார்ஜ் பெருசான்னு அவன் நோட்டுல கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பான். வீட்டுக்குப் போறதுக்கே கணக்குப் போட வேண்டிய நிலைமை... உங்கள்ல பல பேருக்கு இது புரியும்.

இதுக்குத்தான் என் பேஜ். போன மாச ரேட் ஒரு கட்டத்துல. லீவு நாட்களுக்கு ஒரு ஸ்லைடர். பஸ் சார்ஜுக்கு ஒரு கட்டம். ஸ்லைடரை நகர்த்த நகர்த்த, கீழே பில் தொகை குறையணும். ஊருக்குப் போனா லாபமா, கையைக் கடிக்குமான்னும் சொல்லணும்.

சாதாரண வெப் பேஜ், நோட்டீஸ் போர்டு மாதிரி. ஒட்டினதை நாம படிச்சுட்டுப் போவோம். இன்ட்ராக்டிவ் பேஜ், பஸ் கண்டக்டர் மாதிரி. நாம எங்கே போகணும்னு சொன்னா, அதுக்கேத்த டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுப்பார். அந்தக் கண்டக்டர் வேலையை மூணா பிரிச்சுடலாம். ஒண்ணு, பயணி சொல்றதைக் காதுல வாங்கறது - இது ஈவென்ட். ரெண்டு, மனசுல இருக்கிற கணக்கை மாத்திக்கறது - இது ஸ்டேட். மூணு, பதிலைக் கையில கொடுக்கறது, அதாவது திரையை மாத்தறது - இது ரெண்டர். இந்த மூணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. மீதிக் கதை முழுக்க இதுதான்!

நாலு ரவுண்டு

முதல் ரவுண்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல நெட்ஸ்கேப் கம்பெனியில பிரெண்டன் ஐக் என்பவர், பத்தே நாள்ல இதோட முதல் வடிவத்தை உருவாக்கினார். நம்ம மாடல் எக்ஸாம் ஸ்டடி ஹாலிடேஸ் அளவு! இன்னிக்கும் பிரவுசருக்கு நேரடியா புரியற புரோகிராமிங் மொழின்னா பிரதானமா இதுதான். நோட்பேடுல எழுதி, பிரவுசர்ல திறந்தேன். ஸ்லைடர் நகர்ந்தா சொல்லுன்னு ஒரு வரி, பெருக்கல் கணக்கு ஒரு வரி, விடையை எழுத ஒரு வரி. ஓடிடுச்சு! பிரச்னை எப்போ வந்ததுன்னா, பஸ் சார்ஜ் கட்டத்தைச் சேர்த்தப்போ. கெஸ்ட் கூப்பனையும் சேர்த்தப்போ இன்னும் ஜாஸ்தியாச்சு. எதை மாத்தினா திரையில எது எது மாறணும்னு நானே தலையில சுமக்கணும். நாலு கட்டம்னா சரி, நாற்பது கட்டம்னா?

ரெண்டாவது ரவுண்டு, ஜேக்வெரி. ஜான் ரெஸிக் 2006-ல வெளியிட்டது. அப்போ ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு பாஷை பேசிட்டு இருந்த காலம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல ஓடினது ஃபயர்பாக்ஸ்ல ஓடாது. நடுவுல மொழிபெயர்ப்பாளர் மாதிரி நின்னு, 'நீங்க என்கிட்ட சொல்லுங்க, அவங்களை நான் பார்த்துக்கறேன்'னு சொன்னதுதான் ஜேக்வெரி. என் பேஜ்ல வரிகள் கொஞ்சம் சுருங்குச்சு. ஆனா, எதை மாத்தினா எது மாறணுங்கிற சுமை அப்படியே என் தலையிலதான். தவிர, பிரவுசர்கள் இப்போ பெரும்பாலும் ஒரே பாஷை பேசுது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துடுச்சு. பழைய சைட்டுகள் ஏராளமா ஜேக்வெரியில நிக்கறதால அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியணும். புது பேஜுக்கு அது கட்டாயம் இல்லை.

மூணாவது ரவுண்டு, ரியாக்ட். ஃபேஸ்புக் 2013-ல எல்லாருக்கும் திறந்துவிட்டது. இங்கேதான் எனக்கு மணி அடிச்சுது! ரியாக்ட் கேக்கறது இவ்வளவுதான்... 'கணக்கு இப்படி இருந்தா திரை எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்லு. கணக்கை மாத்து. திரையை நான் பார்த்துக்கறேன்.' பழைய திரையையும் புதுத் திரையையும் தன் மெமரியில ஒப்பிட்டுப் பார்த்து, மாறின இடத்தை மட்டும் அது திருத்துது. முதல் ரவுண்டுல என் தலையைத் தின்ன அந்த மூணாவது வேலையை, இது தூக்கிட்டுப் போயிடுச்சு. முதல் ரவுண்டு விளையாடாம நேரா இங்கே வந்திருந்தா, அது எந்தச் சுமையை இறக்கி வெச்சதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. இதுக்கு விலையும் உண்டு. ரியாக்ட் நூலகம் மட்டுமே, சுருக்கி அனுப்பினாலும் 40 கேபிக்கு மேல. 'ஒரு போட்டோ அதைவிடப் பெருசு'ன்னு நீங்க கேக்கலாம். போட்டோவை போன் விரிச்சுக் காட்டினா போதும். ஜாவாஸ்கிரிப்ட்டை அது வரிவரியா படிச்சுப் புரிஞ்சு, ஓட்டவும் செய்யணும். பழைய போன் அங்கேதான் மூச்சு வாங்கும்.

நாலாவது ரவுண்டு, ஸ்வெல்ட். ரிச் ஹாரிஸ் 2016-ல கொண்டுவந்தது. ரியாக்ட் மாதிரியே, 'திரையை நான் பார்த்துக்கறேன்' பார்ட்டிதான். ஆனா, நிறைய வேலையை நம்ம கம்ப்யூட்டர்லயே கம்பைல் பண்ணி முடிச்சுட்டு, எளிய ஜாவாஸ்கிரிப்ட்டா மாத்தி அனுப்பிடும். வீட்டுலயே சமைச்சு டிபன் பாக்ஸ்ல கட்டிக் கொடுக்கற மாதிரி. என் குட்டி பேஜுக்கு இது கச்சிதமா இருந்துச்சு.

நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போ ஒரு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது. ஈவென்ட், ஸ்டேட், ரெண்டர்... நாலுலயும் மூணும் இருக்கு! அந்த மூணாவது வேலையை யார் செய்யறது, எப்போ செய்யறது... இதுலதான் பெரிய வித்தியாசமே. டூல்களோட சண்டை பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கான சண்டைதான்.

ஒரு பெரிய சாவு

'சரி பாஸ், டூல் செத்துப் போனா?' சாகும். செத்திருக்கு. ஃப்ளாஷ் ஞாபகம் இருக்கா? நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல, மிஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் விளையாடின கார் கேம், டிரெஸ் மாட்டற கேம் எல்லாம் பெரும்பாலும் ஃப்ளாஷ்தான். 1996-ல வேற பேர்ல பொறந்து, மேக்ரோமீடியா கைக்குப் போய், 2005-ல அந்தக் கம்பெனியோட சேர்ந்து அடோபிக்கு வந்துச்சு. ஒரு காலத்துல 'இன்ட்ராக்டிவ்'னாலே அதுதான். 2007-ல வந்த ஐபோன் அதைச் சேர்த்துக்கலை. ஏன் சேர்த்துக்கலைன்னு 2010 ஏப்ரல்ல ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அடோபி ஆதரவை நிறுத்துச்சு. 2021 ஜனவரி 12-லேர்ந்து ஃப்ளாஷ் பிளேயர் அந்த கேம்களை ஓட்டவே மறுத்துடுச்சு. எத்தனையோ பேரோட வருஷக்கணக்கான உழைப்பு, பட்டனை அமுக்கினா வெறும் சாம்பல் கட்டமா நின்னுச்சு.

ஆனா, இன்னொரு பாதிக் கதையையும் கேளுங்க. ஃப்ளாஷ்ல எழுதின மொழி ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட். அதுவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரே குடும்பம். ஃப்ளாஷ் மெனுவுல எந்தப் பட்டன் எங்கே இருக்குன்னு மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தா, அந்த அறிவு டூலோடவே போயிருக்கும். ஈவென்ட் என்ன, ஸ்டேட் என்னன்னு புரிஞ்சு வெச்சிருந்தா, அது அடுத்த ஊருக்குக் கூடவே வரும். ஆங்குலரும் இப்படித்தான். 2010-ல வந்த ஆங்குலர்ஜேஎஸ் வேற, 2016-ல புதுசா எழுதி வெளியிட்ட ஆங்குலர் வேற. பழசுக்கு ஆதரவு 2021 டிசம்பரோட முடிஞ்சுது.

இதுக்கு நேரெதிர் உதாரணமும் இருக்கு. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல செர்ன் ஆய்வுக்கூடத்துலேர்ந்து உலகத்துக்கு அறிமுகப்படுத்தின முதல் வெப்சைட்டோட 1992 பிரதியை, செர்ன் பாதுகாத்து வலையில வெச்சிருக்கு. உங்க போன்ல இன்னிக்கும் அது திறக்கும். வெறும் ஹெச்.டி.எம்.எல். நமக்கெல்லாம் அது அண்ணன் முறை!

டூல் சொல்லித் தராத பாடம்

பேஜ் ரெடியானதும், பார்வையில்லாத என் ஸ்கூல் நண்பன் ஒருத்தனைக் கூப்பிட்டேன். இப்போ பி.ஏ. படிக்கிறான். அவன் போன்ல டாக்பேக் இருக்கு... திரையில இருக்கறதை வாய்விட்டுப் படிக்கும். நாலு பேஜையும் ஓட்டிப் பார்த்தோம். ஸ்லைடரை நகர்த்தினான். 'ஆறு'னு சொல்லுச்சு. அவன் கேட்டான்... 'சரி, பில் எவ்வளவாச்சு?'

நமக்குக் கண்ணுல தெரியுது. அவனுக்கு? விடை மாறினதை டாக்பேக் தானா சொல்லணும்னா, 'இந்த இடம் மாறும், மாறினா சொல்லு'ன்னு ஹெச்.டி.எம்.எல்.ல நாம குறிச்சு வைக்கணும். அதுக்காகவே 'அவுட்புட்'னு ஒரு டேக் இருக்கு. விடை இருந்த இடத்துல அதைப் போட்டதும், 'இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது'ன்னு போன் பேசுச்சு. நண்பன் சிரிச்சான். அந்த டேக் நாலு டூல்லயும் வேலை செய்யும். ஆனா, நாம போடலைன்னா நாலுல ஒண்ணும் அதைத் தானா போடாது. பேஜை யார் பயன்படுத்தப் போறாங்கன்னு யோசிக்கற வேலையை எந்த டூலும் நம்மகிட்டேர்ந்து வாங்கிக்கறது இல்லை.

'இதெல்லாம் எதுக்கு? ஏ.ஐ.கிட்ட கேட்டா முழுசா எழுதித் தந்துடுமே'ன்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது! தரும். நானும் கேக்கறேன். ஆனா, ஸ்லைடர் நகருது, பில் மாறலைன்னா தப்பு எங்கே? காதுல வாங்கலையா, கணக்குல கோளாறா, திரைக்கு வரலையா? மூணுல எதுன்னு கேக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ஏ.ஐ.யும் உருப்படியா பதில் சொல்லுது. இன்டர்வியூவுலயும் இந்தக் கேள்விக்கு நாமதானே வாயைத் திறக்கணும்?

அதனால, என் சிற்றறிவுக்கு எட்டின வழி இது. முதல்ல ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட். இதுக்கு நோட்பேடும் பிரவுசரும் போதும், நயா பைசா செலவில்லை. நல்ல பாடங்கள் இலவசமாவே கிடைக்குது. அதுல, உங்களுக்கோ உங்க ரூம்மேட்டுக்கோ நிஜமா தேவைப்படற ஒரு குட்டி பேஜ் செய்யுங்க. அட்டெண்டென்ஸ் 75 சதவிகிதத்துக்கு இன்னும் எத்தனை கிளாஸ் போகணும்னு காட்டற பேஜ்கூட போதும். அது பெருசாகிப் பெருசாகி, 'ஐயோ, எதை மாத்தினா எது மாறணும்னு தெரியலையே'ன்னு உங்களுக்குத் தலை சுத்தற அன்னிக்கு, ரியாக்டோ ஸ்வெல்ட்டோ, நீங்க சேர நினைக்கிற கம்பெனி எதைக் கேக்குதோ அதைத் திறங்க. அது எதுக்காகப் பொறந்துச்சுன்னு உங்களுக்கு அப்போ தானா புரியும். அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஒண்ணு வந்து நின்னாலும், 'வா தம்பி, அந்த மூணாவது வேலையை நீ எப்படிச் செய்யறே?'ன்னு தைரியமா கேக்கலாம்.

அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் ஃபீஸ்? அதை அப்பாகிட்ட கேக்கறதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. இன்னிக்கு ராத்திரி டிபன் முடிச்சுட்டு, நோட்பேடைத் திறந்து, ஒரு பட்டன், ஒரு எண். பட்டனைத் தட்டினா எண் ஒண்ணு கூடணும். அவ்வளவுதான் ஹோம்வொர்க். ஜூட்!