கட்டிப் பழகிய புடவை

சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலன்று நான் கட்டியிருந்த பச்சைச் சுங்குடி, யாரோ கட்டிக் கழித்தது என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்கு மனசே சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். "அங்கே போய் அவளுக்கு அப்படி என்ன குறை வந்துவிட்டது?" என்று கேட்டாராமே. குறை ஒன்றும் இல்லை. பிடித்திருந்தது, வாங்கினேன்.

வாங்கிய இடத்தைச் சொல்கிறேன். வாட்டர்லூ ஸ்ட்ரீட் உங்களுக்கு நினைவிருக்கும். கிருஷ்ணன் கோவிலில் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதை நின்று பார்த்தீர்களே, அதே தெரு. அங்கே 96ஆம் எண் கட்டடத்தில் சிங்கப்பூர் மாதர் அமைப்புகளின் மன்றம் இருக்கிறது, 1980இல் தொடங்கியது. அவர்கள் நடத்தும் பழைய துணிக்கடைக்கு 'நியூ டு யூ' என்று பெயர். கடையைப் பார்த்துக்கொள்பவர்கள் தொண்டூழியர்கள். வருகிற காசு மன்றத்தின் வேலைகளுக்குப் போகிறது. வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறும் பெண்களுக்கு 'ஸ்டார் ஷெல்டர்' என்ற இல்லத்தை நடத்துவதும் அந்த மன்றம்தான்.

புடவையை அங்கேயே பிரித்துப் பார்த்தேன். முந்தானைப் பக்கம் ஊக்கு குத்திய இரண்டு துளைகள். ஃபால்ஸ் கையால் தைத்தது, எறும்பு வரிசை போல நெருக்கமான தையல். கஞ்சி போட்டு அலசி அலசி நூல் இளகியிருந்தது. புதுச் சுங்குடி நாலு தண்ணீர் காணும் வரை விறைத்துக்கொண்டுதான் நிற்கும். இது கட்டிய முதல் நாளே இடுப்பில் உட்கார்ந்துவிட்டது. யாரோ ஒருத்தி பல வருஷம் உழைத்துப் பதப்படுத்திய துணி, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு எனக்குக் கிடைத்தது.

'யார் உடம்பில் இருந்ததோ' என்பதுதான் அம்மாவின் கவலை. ஆனால் நம் வீட்டில் பழந்துணி எப்போது தீட்டாக இருந்தது? உங்கள் பாப்பா பிறந்தபோது அப்பாவின் பழைய வேட்டியை வெந்நீரில் போட்டு அலசி, கிழித்து அடுக்கி வைத்தது அம்மாதான். குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்றார். அம்மனுக்குச் சாத்திய புடவையைக் கோவிலில் ஏலம் எடுத்து வந்து கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பெருமாள் உடுத்திக் களைந்ததை உடுத்துவதைப் பெரிய பேறாகத் திருப்பல்லாண்டிலேயே பெரியாழ்வார் பாடியிருக்கிறார். உடுத்தியவர் யார் என்று தெரிந்தால் நமக்குத் தயக்கம் இல்லை. தெரியாதபோதுதான் கை பின்வாங்குகிறது. இங்கே சீனப் பெரியவர்களுக்கும் இதே பயம் உண்டு; செத்தவர் துணியாக இருக்குமோ என்று, 'பந்தாங்', அதாவது ஆகாதது, என்று ஒதுக்குவார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளோ ஹாஜி லேனிலும் ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலும் பழைய ஜீன்ஸுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இந்தத் தயக்கம் இல்லாத ஓர் இடம் லிட்டில் இந்தியாவின் ஓரத்திலேயே இருந்தது. சுங்கை ரோடு சந்தை. 1930களில் தொடங்கியது, பின்னாளில் பிரிட்டிஷ் ராணுவச் சாமான்கள் விற்ற காலத்தில் 'திருட்டுச் சந்தை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. வாடகை கிடையாது. தார்ப்பாயை விரித்துச் சட்டை, கைக்கடிகாரம், செருப்பு, ரேடியோ எல்லாவற்றையும் குவித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். இடம் குடியிருப்புக் கட்டடங்களுக்கு வேண்டும் என்றார்கள். அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அங்கே கடை போட்ட பெரியவர்களுக்கு அது பிழைப்பு மட்டுமல்ல, நாலு பேரைப் பார்த்துப் பேசும் இடமும்கூட.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமான வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், வெயிலுக்குத் தோதாக முழுக்கைச் சட்டை தேடிக்கொண்டிருந்தார். தொண்டு அமைப்புகள் இலவசமாகவே தருகின்றனவே என்று கேட்டேன். "சும்மா வாங்குனா, குடுத்ததைப் போட்டுக்கணும்க்கா. ரெண்டு வெள்ளி குடுத்தா நமக்குப் புடிச்சதை எடுக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார், அக்குள் தையலை இழுத்துப் பார்த்தார், பொத்தான்களை எண்ணினார், பிடிக்காமல் திரும்பப் போட்டார். அந்தத் திரும்பப் போடும் உரிமை தானத்தில் கிடைக்காது. பழைய துணிக்கடைகளை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். இல்லாதவரும் இருப்பவரும் ஒரே கம்பியில் தொங்கும் துணியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள்.

விற்பதையும் கேட்டிருந்தீர்கள். பழைய துணியை விலைக்கு எடுக்கும் ஒரு கடைக்குச் சுடிதார்கள், குர்த்தாக்கள், இரண்டு புடவைகள் கொண்டுபோனேன். அவர்களிடம் பிராண்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இருந்தால் எடுப்பார்கள். நம் துணி எதுவும் அதில் இல்லை. பையை அப்படியே திருப்பித் தந்துவிட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. தைக்காத துணி புடவை. ஒல்லி, பருமன், நெட்டை, குட்டை யார் வேண்டுமானாலும் கட்டலாம். கைமாறுவதற்கு அதைவிடத் தோதான உடை உண்டா? சட்டைக்குப் போட்ட விதியைப் புடவைக்கும் போடுகிறார்கள்.

அப்புறம் கரோசெல் செயலியில் போட்டேன். 2012இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று நண்பர்கள் தொடங்கியது. இன்று இந்த ஊரில் கட்டில் முதல் காலணி வரை அதில் கைமாறுகிறது. என் அரக்குக் காஞ்சிப்பட்டைக் கேட்டு ஒரு பெண் வந்தாள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில், ரேஸ்கோர்ஸ் ரோடு பக்கம் நின்று பிரித்தோம். விவரமான பெண். மடிப்பில் பட்டு விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரையின் உள்பக்கம் ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தால் நல்ல ஜரிகை என்று அவளுடைய பாட்டி சொல்லியிருக்கிறாராம். கடைசியாக, "இது யாரு கல்யாணத்துக்கு எடுத்ததுக்கா?" என்று கேட்டாள். உங்கள் நிச்சயத்துக்கு எடுத்தது என்றேன். பத்து வெள்ளி குறைத்துக் கேட்டாள், கொடுத்தேன். தேக்கா சந்தைக் கட்டடத்து மேல்தளத்தில், தையல்காரர்களுக்கு நடுவே, இப்படிப் புடவையை அறிந்தவர்கள் ஒரு பழைய புடவைக் கடை வைத்தால் நன்றாக ஓடும்.

நம்மவர்கள் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. தீபாவளிக்கு முன்னால் பை பையாகக் கட்டி நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதுத்துணிக்குக் கிளம்புகிறோம். சீனப் புத்தாண்டுக்கு முன் சீனர்களும் அப்படியே. கிழிந்தது, கறை பட்டது, ஜிப் போனது எல்லாம் அதில் சேர்ந்து வருகின்றன. போட்டது எங்கே போகிறது என்று பார்ப்பவர் இல்லை. ராய்ட்டர்ஸ் நிருபர்கள் பார்த்தார்கள். பழைய காலணிகளை அரைத்து ஓடுபாதையும் விளையாட்டுத் திடலும் அமைப்பதாக டவ் நிறுவனமும் அரசின் ஸ்போர்ட் சிங்கப்பூரும் இங்கே ஒரு திட்டம் நடத்தின. 11 ஜோடிகளுக்குள் கண்காணிப்புக் கருவியை ஒளித்துவைத்துப் பெட்டிகளில் போட்டார்கள் நிருபர்கள். 2023 பிப்ரவரியில் செய்தி வந்தது: ஒரு ஜோடிகூடத் திடல் ஆகவில்லை, பெரும்பாலானவை இந்தோனேசியாவுக்குப் போயிருந்தன. பழைய உடைகளை இறக்குமதி செய்ய அந்த நாட்டில் தடை இருக்கிறது! சிங்கப்பூரில் 2022இல் சேர்ந்த துணி, தோல் கழிவு 2,54,000 டன்; மறுசுழற்சிக்குப் போனது சுமார் 2 விழுக்காடு. மிச்சத்தில் பெரும்பகுதி எரிகிறது. சாம்பல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்கிறது அரசு. இருக்கிற துணியை வாங்கிக் கட்ட ஆள் இல்லாமல், கொடுத்துக்கொண்டே மட்டும் இருந்தால் எங்கே போய் முடியும்?

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் உங்களுக்கு ஒரு சட்டைக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'மேட் இன் இந்தியா' என்று கழுத்தில் எழுதிய டி-ஷர்ட்டை இங்கே பழைய துணிக்கடையில் பார்க்கும்போதெல்லாம் நம் திருப்பூரில் தைத்ததாக இருக்குமோ என்று புரட்டிப் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் பாப்பா படிக்க வரும்போது பெட்டி நிறையத் துணி வேண்டாம். வகுப்பறை ஏசிக்கு ஒரு ஸ்வெட்டர், பிரசன்டேஷனுக்கு ஒரு கறுப்புக் கோட்டு, நாலு சட்டை. எல்லாம் அவளோடு போய் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். உள்ளாடை, காலுறை, துண்டு மட்டும் காதர்பேட்டையில் புதிதாக வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். அவற்றை நான் பழையதாக வாங்குவதில்லை. உங்கள் மாம்பழ மஞ்சள் பட்டை, 'பழைய பட்டுப்புடவை வாங்குறோம்' என்று மைக் கட்டி வரும் ஆட்டோவில் போட்டுவிடாதீர்கள். ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கத்தான் வாங்குகிறார்கள். மடிப்பை மாற்றி மடித்து, பழைய வேட்டியில் சுற்றிப் பாப்பாவிடம் கொடுங்கள். இங்கே கட்ட ஆள் இருக்கிறார்கள். விற்ற காசு அவளுடைய பஸ், எம்ஆர்டி செலவுக்கு ஆகும்.

அன்புடன்,
உங்கள் தங்கை