திருத்துவதற்கு ஆள் வேண்டும்

அறுபதைத் தாண்டியவரைத் திருத்துவதற்கு ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் பிள்ளைகள் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்கிறார்கள். பழைய கந்தோர் ஆட்கள் வழியில் கண்டால் இன்னும் "சேர்" என்கிறார்கள். கோயில் கூட்டத்தில் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கூட்டம் கலைந்ததும் தாங்கள் நினைத்ததைச் செய்கிறார்கள். வயதுக்குக் கிடைக்கும் சலுகை இது என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. பிழையைப் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லாதவன் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறான். ஆகவே என் வயதுக்காரர்களிடம் ஓயாமல் ஒன்றைச் சொல்லிவருகிறேன்: ஈயத்தை உருக்கி ஒட்டும் சோல்டரிங் பழகுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்ததை இலங்கையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். டொலர் இல்லை, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. சார்ஜ் பண்ணும் லாம்பு ஒன்று பழுதானால் புதிது தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். கொழும்பு ஹெவ்லொக் டவுனில் ஜெனரேட்டர் வைத்த மாடிக் கட்டடங்கள் மட்டும் வெளிச்சமாக நிற்க, எங்கள் ஒழுங்கை இருண்டு கிடந்தது. அந்த நாட்களில் பழுதான லாம்புகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். கையில் வந்த பலவற்றில் பற்றரிக்கு ஒன்றுமில்லை, எல்.ஈ.டி.களுக்கும் ஒன்றுமில்லை. சார்ஜர் வயரைச் செருகுகிற வாயின் காலடியில் ஈயப்பற்று மட்டும் வெடித்திருந்தது. தினமும் செருகி இழுத்து, செருகி இழுத்து, கால் ஆடி, அதைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட விரிசல். அவ்வளவுதான் பழுது. ஒரு துளி ஈயத்துக்காக ஒரு லாம்பைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது மனத்தை உறுத்தியது.

எங்கள் மேல்மாடியில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் போய்ச் சொல்லித்தரச் சொன்னேன். அவள் சொன்ன முதல் பாடம்: "அங்கிள், ஈயத்தைச் சூடாக்காதேங்கோ. சாமானைச் சூடாக்குங்கோ. ஈயம் தானா ஓடோணும்."

முழு வித்தையும் அதற்குள் இருக்கிறது. சோல்டரிங் அயனின் முனையை, சர்க்கியூட் தகட்டின் செப்பு வட்டத்தையும் அதற்குள்ளால் எட்டிப் பார்க்கும் கம்பிக் காலையும் ஒருசேரத் தொடும்படி வைக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் போதும். பிறகு ஈயக்கம்பியை அயனில் வைக்காமல், சூடேறிய இடத்தில் எதிர்ப்பக்கமாகத் தொட வேண்டும். இடம் ஆயத்தமாக இருந்தால் ஈயம் சட்டென்று நீராகி, காலைச் சுற்றி ஏறி, செப்பு முழுவதும் பரவி, அடி அகன்று நுனி ஒடுங்கிய சின்னக் குன்றாகப் பளபளவென்று நிற்கும். முதலில் ஈயக்கம்பியை எடுக்க வேண்டும், அடுத்து அயனை. அதன்பின் ஆறும்வரை அசைக்கக்கூடாது. வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்த கம்பி 183 பாகையில் இளகத் தொடங்கி 190 அளவில்தான் முழுதாக உருகுகிறது. ஆறும்போதும் அந்த இடைவெளியைக் கடந்துதான் இறுகுகிறது. அந்த நொடியில் கை அசைந்தால் உள்ளே நொறுங்கிவிடும். வெள்ளீயம் 63, காரீயம் 37 உள்ள கம்பிக்கு அந்த இடைவெளி கிடையாது. 183இல் உருகும், 183இல் இறுகும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

அவசரப்பட்டு, சாமான் சூடேறுமுன் ஈயத்தை உருக்கி மேலே வைத்தால் அது பரவாது. உருண்டு, மங்கி, தனியாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒட்டியது போலத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. இன்றைக்கு எரியும், நாளைக்கு எரியாது, தட்டினால் எரியும். இதைக் கோல்ட் ஜொயின்ட் என்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொரு பற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். "இது சரி. இதுவும் சரி. இது வேண்டாம், திரும்பச் செய்யுங்கோ." அதில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. அப்படியொரு குரலை நான் கேட்டுப் பல காலம். வீடியோ பார்த்துப் பழகலாம் என்கிறார்கள். பழகலாம்தான், ஆனால் வீடியோ உங்கள் பற்றைக் குனிந்து பார்க்காது.

ஆள் பார்க்காத நேரத்தில் சர்க்கியூட் பார்க்கிறது. முதல் வேலையாக 9 வோல்ட் பற்றரி, ஒரு சிவப்பு எல்.ஈ.டி., ஒரு 470 ஓம் தடையி, இவ்வளவும் எடுத்துக்கொள்ளுங்கள். தடையியில் மஞ்சள், ஊதா, மண்ணிறக் கோடுகள் இருக்கும். எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 7ஐ 470ஆல் வகுத்தால் 15 மில்லிஅம்பியர். அது தாங்கும் அளவு. நீண்ட கால் நேர்ப்பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் எரியாது. நீங்கள் எந்தத் திணைக்களத்தில் என்ன பதவியில் இருந்தீர்கள், பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துகள் போடுகிறீர்கள் என்று அது கேட்பதில்லை. சரியென்றால் வெளிச்சம், பிழையென்றால் இருட்டு. இருட்டென்றால் மல்டிமீற்றரை எடுத்து எங்கே அறுந்திருக்கிறது என்று ஒவ்வொரு புள்ளியாகத் தேட வேண்டும். அந்தத் தேடலில் மனம் எவ்வளவு தெளிகிறது என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நம் வீடுகளுக்கு இது அந்நியமான கலையும் இல்லை. பித்தளைப் பானைக்கு ஈயம் பூச வந்தவர்கள் சூடேற்றி நவச்சாரம் போட்டுத் தேய்த்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலோகத்தின் மேல் படிந்த களிம்பை நீக்கி, ஈயம் பிடிக்க வழி செய்தது அந்த நவச்சாரம். இன்றைய ஈயக்கம்பியின் நடுவே இருக்கும் பைன் மரப் பிசினுக்கும் அதே வேலைதான்.

இந்த நாட்டு வானொலியே இப்படிப்பட்ட கைகளில் பிறந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக 1921இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு, திணைக்களத்துப் பொறியியலாளர்களோடு ஒரு ஒலிபரப்பியைக் கட்டினார். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசை காற்றில் போனது. இங்கிலாந்தில் பி.பி.சி. தொடங்கி அதிக நாளாகியிருக்கவில்லை. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஹார்ப்பர் உள்ளூர் ஆர்வலர்களையும் சேர்த்து ஒரு வயர்லெஸ் சங்கமும் அமைத்தார். பின்னாளில் தமிழ்நாட்டுக்காரர்கள் இலங்கை வானொலிக்கு முன்னால் தவம் கிடந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். அதன் தொடக்கத்தில், எதிரியின் கப்பலிலிருந்து கழற்றிய உறுப்புகளை மேசையில் பரப்பி ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தொலைபேசிகளைச் சாய்த்தபோதும், அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள். பொழுதுபோக்காகப் பல வருடம் கையைத் திருத்திக்கொண்டவர்கள் அவர்கள்.

"கண் தெரியாது, கை நடுங்கும்" என்று சொல்கிறவர்களுக்கு: பூதக்கண்ணாடியும் கவ்விகளும் பொருத்திய சின்ன நிலை ஒன்று விற்கிறது. தகட்டை அது பிடித்துக்கொள்ளும்; மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கும். புகையில் எழுவது ஈயமன்று, பிசின். ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்கள் ஜன்னலைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்து வேலை செய்ய வேண்டும். ஈயம் ஒட்டுவது கையில். சோப்புப் போட்டுக் கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடாதீர்கள், பேரப்பிள்ளைகளையும் தூக்காதீர்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாமான்களை முதல் வருடம் திறக்கவே வேண்டாம். நம் 230 வோல்ட், பல பவர் சப்ளைகளுக்குள் 320க்கு மேற்பட்ட நேரோட்டமாகி கெப்பாசிட்டரில் தங்கும்; பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கே காத்திருக்கும். லிதியம் பற்றரியின் உடம்பில் நேரடியாக அயனை வைக்கவே கூடாது.

மற்றபடி தயங்க ஒன்றுமில்லை. ஹெவ்லொக் வீதியில் 120 பஸ் ஏறினால் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகள் இருக்கின்றன. 25 முதல் 40 வாட்டுக்குள் ஒரு அயன், அதை வைக்க ஒரு ஸ்டாண்ட், துடைக்கும் ஸ்பொஞ், மெல்லிய ஈயக்கம்பி ஒரு சுருள், துளைத்தகடு இரண்டு, ஒரு சாதாரண மல்டிமீற்றர். கடைப் பையனிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். எந்த முனை எதற்கு என்று அவன் சொல்லுவான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.