தாய்ப்பலகையை மாற்றுமுன் வன்தட்டைப் பாருங்கள்



வீடு மாறுகின்றவர் முதலில் என்ன செய்வார்? புதிய வீட்டின் வாசலை அளந்து பார்ப்பார். பழைய அலுமாரி அந்த வாசலால் உள்ளே போகுமா என்பது அவருடைய கவலை. ஆனால், கணினியின் தாய்ப்பலகையை, அதாவது மதர்போட்டை, மாற்றும்போது நம்மில் அநேகர் இப்படி அளந்து பார்ப்பதில்லை. பலகையின் விலையைக் கேட்கிறோம், வேகத்தைக் கேட்கிறோம். நமது சேமிப்பெல்லாம் அடங்கியுள்ள பழைய வன்தட்டு அதில் பொருந்துமா என்று மட்டும் கேட்பதில்லை.

“அரபு இலக்கணம் படிப்பிக்கும் மௌலவிக்கும் மதர்போட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கணினியில் எனது பல வருடப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன. வினாத்தாள்களும் மாணவர்களின் புள்ளிப் பட்டியல்களும் பிள்ளைகளின் படங்களும் அதில்தான் உள்ளன. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு யூஈஎப்ஐ என்னும் புதிய தொடக்க முறையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2012இல் வாங்கிய எங்கள் பலகையில் அந்தச் சில்லு இல்லை. ஆகவே பலகையை மாற்ற வேண்டியதாயிற்று. இதே நிலை உங்களில் பலருக்கும் இருக்கும்.

கடையில் இருந்த இளைஞர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “பழைய டிஸ்க்கைப் போமட் பண்ணி, புதுசா விண்டோஸ் போட்டுத் தாரேன் மௌலவி” என்றார்.

“உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தீர்களா தம்பி?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் பெட்டியை மூடி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பலகையைக் காசு கொடுத்து எந்நாளும் வாங்கலாம். அந்தத் தட்டில் உள்ளதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதிலும் மாணவர்களின் புள்ளிகள் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் பின்னர் மூத்த மகனும் நானும் பலகைகளின் கையேடுகளைப் புரட்டிப் புரட்டி அறிந்துகொண்டவற்றையே இங்கு நான்கு கேள்விகளாகத் தருகிறேன்.

முதலாவது கேள்வி, செருகி பொருந்துமா என்பது. பழைய வன்தட்டுகள் ஐடிஈ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. பட்டையான, அகன்ற கம்பிநாடாவும் 40 ஊசி கொண்ட செருகியும் அவற்றின் அடையாளம். 2003இல் சாட்டா என்னும் தரம் வந்தது. அதன் தரவுச் செருகிக்கு 7 தொடுமுனைகளும் மின்செருகிக்கு 15 தொடுமுனைகளும் உண்டு. இன்ரெல் நிறுவனம் 2006இல் வெளியிட்ட சில்லுத்தொகுதியிலிருந்து ஐடிஈ நீக்கப்பட்டது. சில வருடங்கள் பலகை செய்வோர் தனிச் சில்லு வைத்து அதைக் கொடுத்து வந்தார்கள். இன்றைய பலகைகளில் அந்த இடமே கிடையாது. சாட்டாவில் இந்தச் சிக்கல் இல்லை. நொடிக்கு 3 கிகாபிட் வேகத்துப் பழைய தட்டு, 6 கிகாபிட் துறையிலும் தனது வேகத்தில் வேலை செய்யும்.

எங்கள் அலுமாரியில் பழைய ஐடிஈ தட்டொன்று துணியில் சுற்றிக் கிடந்தது. எனது வாப்பா மௌத்தாவதற்கு முன்னர், குடும்பத்தின் பழைய கதைகளைச் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்து வைத்தது அதில்தான் இருந்தது. அதற்காகப் பழைய பலகையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஐடிஈ தட்டை யூஎஸ்பி துளையில் இணைக்கும் சிறு மாற்றியொன்றும் அதற்குரிய தனி மின்வழங்கியும் போதுமாயின. வாப்பாவின் குரல் கேட்டபோது உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அன்றே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்தோம்.

இரண்டாவது கேள்வி, உருவம் ஒன்றானாலும் மொழி ஒன்றா என்பது. இப்போது எம்.2 எனப்படும், சூயிங்கம் துண்டு போன்ற மெல்லிய எஸ்எஸ்டிகள் வந்துள்ளன. அதில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம் என்று பொருள். பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இவற்றுள் இரு வகை உண்டு. ஒன்று சாட்டா முறையில் பேசும். மற்றது என்விஎம்ஈ முறையில் பேசும். சில பலகைகளின் எம்.2 துளை ஒரு மொழியை மட்டுமே அறியும். தவறான வகையைச் செருகினால் தட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கணினி அதைக் காணவே காணாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சில பலகைகளில் எம்.2 துளையை நிரப்பினால் சாட்டா துறைகளில் ஒன்றிரண்டு செயலிழந்துவிடும். “தட்டுப் பழுதாகிவிட்டது” என்று பதற வேண்டாம். எந்தத் துறை என்பது கையேட்டில் எழுதியிருக்கும். கம்பியை வேறு துறைக்கு மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி, தட்டிலுள்ள விண்டோஸ் புதிய பலகையில் எழும்புமா என்பது. தட்டைப் பிரித்து வைக்கும் முறைகள் இரண்டு. பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. எம்பிஆர் முறையில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைப் பயன்படுத்த முடியாது. யூஈஎப்ஐ முறையில் விண்டோஸ் தொடங்குவதற்கு ஜிபிடி வேண்டும். எங்கள் தட்டு எம்பிஆர் ஆகவே இருந்தது. அழிக்காமல் மாற்றுவதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசொப்ட் 2017 முதல் விண்டோஸ் 10இலேயே வைத்திருக்கிறது. முதலில் பிரதி எடுத்தோம், பின்னர் மாற்றினோம். அத்துடன் பலகையின் அமைப்பில் சாட்டா முறை ஏஎச்சிஐ என்றிருந்ததா, ரெயிட் என்றிருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். அது மாறினால் நீலத் திரை தோன்றி விண்டோஸ் நின்றுவிடக்கூடும்.

நான்காவது கேள்வி, பூட்டின் திறப்பு யாரிடம் என்பது. பிட்லொக்கர் மூலம் பூட்டப்பட்ட தட்டு, பலகை மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஏனெனில் திறப்பைக் காத்து வைத்திருந்தது பழைய பலகையின் டிபிஎம். சில கணினிகளில் மைக்ரோசொப்ட் கணக்குடன் நுழைந்தவுடனேயே வீட்டார் அறியாமல் இப்பூட்டு விழுந்திருக்கும். அப்படியானால் மீட்பு எண் பெரும்பாலும் அந்தக் கணக்கில் இருக்கும். பலகையைக் கழற்றுமுன் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லையேல் தட்டு நலமாயிருந்தும் உள்ளிருப்பதை எவராலும் எடுத்துத் தர முடியாது.

விண்டோஸ் எழும்பவில்லை என்பதற்காகக் கோப்புகள் போய்விட்டன என்று எண்ணிவிடாதீர்கள். அதே தட்டை வேறொரு கணினியில் இரண்டாவது தட்டாக இணைத்தால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே தெரியும். அவ்வேளை “போமட் செய்யவா?” என்று திரையில் கேள்வி வந்தால், ஆம் என்று அழுத்த வேண்டாம். போமட் செய்யுமாறு கணினி சொன்னாலும் சரி, கடைக்காரர் சொன்னாலும் சரி, பிரதி கைக்கு வரும்வரை மறுத்துவிடுங்கள்.

வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால் இன்றே அழைத்து, தட்டின் வகை, பிரிப்பு முறை, சாட்டா முறை, மீட்பு எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுவியுங்கள். ஐந்தாவது வரியில், பிரதி எடுத்த திகதியை எழுதுங்கள். அந்த வரி வெறுமையாக இருக்கும்வரை பெட்டியைக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள்.