ஏரியூர் கல்யாணம்… கேமராவை எங்கே நிறுத்தலாம்?

கல்யாண போட்டோன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன மக்கா ஞாபகம் வரும்? மரத்தைப் பிடிச்சுக்கிட்டு மாப்பிள்ளை, அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பொண்ணு, பின்னாடி ஒரு அருவி! எங்க க்ளாஸ் நண்பனோட அக்காவுக்கு 2024 ஆவணியில ஏரியூர்ல கல்யாணம். காலேஜ் போட்டோ க்ளப்ல இருக்கேன்கிற ஒரே தகுதியில, "போட்டோகிராபர் அண்ணனோட சேர்ந்து என்னென்ன எடுக்கணும்னு நீயே ஒரு ப்ளான் போட்டுக் கொடுடா"ன்னு என்னைக் கோத்துவிட்டான் நண்பன். மூணு மாசம் முன்னாடியே, வைகாசியிலயே ஊரைப் பார்க்கக் கிளம்பியாச்சு.

தருமபுரியில இருந்து பென்னாகரம், அங்கிருந்து தெற்கே ஏரியூர். பென்னாகரத்துல பஸ் ஏறுற கூட்டத்துல பாதிப் பேர் ஒகேனக்கல்லுக்குத்தான் போறாங்க. ஏரியூர் பஸ்ல டூரிஸ்ட் யாரும் கிடையாது. கேழ்வரகு, நிலக்கடலைன்னு மழையை நம்பின மேட்டுக்காடுகள், கரட்டு மலைகள், நடுநடுவே புளியமரம். மழை ஏமாத்தினா ஊர்ல பாதிப் பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிடுவாங்க. ப்ளான் போட ஆரம்பிச்சப்ப இந்த விஷயம்தான் எல்லாத்துக்கும் முன்னாடி வந்து நின்னுச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல் பிரச்னை தண்ணி. பொண்ணு ஏரியூர், மாப்பிள்ளை கொளத்தூர் பக்கம். அது சேலம் மாவட்டம். ரெண்டுக்கும் நடுவுல மேட்டூர் அணையோட நீர்ப்பரப்பு. 1934-ல கட்டி முடிச்ச அணை, முழுக் கொள்ளளவு 120 அடி. அது நிரம்பினா தண்ணி இந்தக் கிராமங்கள் வரைக்கும் வந்து நிக்கும். ரோட்டுல சுத்தி வர்றதுன்னா மேட்டூர் போய் அரை நாளைத் தொலைக்கணும். இந்தக் கரையில நாகமரை, அந்தக் கரையில பண்ணவாடி, நடுவுல பரிசல். இங்கே இருக்கிறவங்களுக்கு அதுதான் ஷார்ட் கட். மாப்பிள்ளை வீட்டாரும் அப்படித்தான் வர்றதா முடிவு. தண்ணி மேல மாப்பிள்ளை அழைப்பு! செம போட்டோ இல்ல?

நாங்க நாகமரை போனப்ப தண்ணி எங்கேயோ உள்ளே போயிருந்துச்சு. வெடிச்ச வண்டல் மண், அதுல பச்சையா பயிர் வேற. அணை இறங்கினா வெளியே தெரியுற நிலத்துல விவசாயம் பண்றது இங்கே ரொம்ப வருஷப் பழக்கம். அந்தக் கரையில பண்ணவாடியில, நீர்மட்டம் நல்லா இறங்கினா, முழுகிப்போன பழைய சர்ச்சோட கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தலை காட்டும். "அந்த நந்திகிட்ட பொண்ணு மாப்பிள்ளையை நிக்க வெச்சு ஒரு அவுட்டோர் போட்டா எப்படி இருக்கும்?"னு நண்பன் கனவு காண ஆரம்பிச்சுட்டான். ஸ்டூடியோ அண்ணன் சிரிச்சார். "தம்பி, கல்யாணம் ஆவணியில. அப்ப நந்தியை எடுக்கணும்னா நீச்சல் தெரியணும்!"

அவர் சொன்னதுதான் நடந்துச்சு. 2024 ஜூலை ஆரம்பத்துல சுமார் 40 அடியில கிடந்த அணை, கர்நாடகா பக்கம் பெஞ்ச மழையில அதே மாசக் கடைசியில 120 அடியைத் தொட்டுடுச்சு. வைகாசியில நாங்க நின்னு 'இங்கதான் கேமரா'ன்னு கை காட்டின இடத்துக்கு மேல இப்ப தண்ணி. பரிசல் துறையே தண்ணியோட சேர்ந்து மேலே நகர்ந்து வந்துடுச்சு. அதனால ப்ளான்ல இடத்தோட பேரை அடிச்சுட்டு திசையை மட்டும் வெச்சோம்.

திசைன்னா என்ன? கொஞ்சம் ஃபிசிக்ஸ் பாருங்க. பண்ணவாடி மேற்கே, நாகமரை கிழக்கே. பரிசல் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருது. நாகமரைக் கரையில நின்னு எடுத்தா சூரியன் நேரா லென்ஸுக்குள்ள. மாப்பிள்ளை, அவங்கம்மா, சீர்த்தட்டு எல்லாம் கறுப்பு நிழலாத்தான் விழும். காலண்டருக்கு நல்லா இருக்கும், ஆனா யாரு எவருன்னு தெரியாது. அதுவே பண்ணவாடிக் கரையில சூரியனை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு நின்னா, பரிசல்ல ஏறிட்டுத் திரும்பிப் பார்க்குற ஒவ்வொரு முகமும் பளிச்! அதனால அண்ணன் அந்தக் கரைக்கு முன்கூட்டியே போய், ஏறுறதை எடுத்துட்டு, அவங்களோடவே வந்துடணும். அவரோட அசிஸ்டென்ட் இந்தக் கரையில வீடியோவோட நிக்கணும். சட்டை மேல லைஃப் ஜாக்கெட் மாட்டின மாப்பிள்ளை பார்க்கக் கொஞ்சம் காமெடியாத்தான் இருப்பார். இருக்கட்டும். போட்டோவுக்காக அதைக் கழட்டச் சொல்ற ஆளை முதல்ல இறக்கி விடணும்.

'ட்ரோன் வேணும்'னு கஸின்ஸ் கூட்டம் ஒரே அடம். 2021 விதிகள்படி, 250 கிராமுக்கு மேல எடை இருக்கிற ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்க விடணும்னா அதுக்கான பைலட் சான்றிதழ் வேணும். அண்ணன்கிட்ட அது இல்லை. கதை முடிஞ்சுது.

ரெண்டாவது, தாலி. முகூர்த்தம் காலையில நாலரை டு ஆறு. வீட்டு வாசல்லயே பந்தல். அந்த நேரத்துல வெளியே கும்மிருட்டு, உள்ளே சீரியல் பல்பு, ஓமப்புகை. சிவப்பும் நீலமுமா சாமியானா கட்டினா அதே கலர் பொண்ணு முகத்துல இறங்கும். ஃபிளாஷை மேலே அடிச்சுத் தெறிக்கவிட்டாலும் தப்பிக்க முடியாது. அதனால பந்தல்காரர்கிட்ட மணவறைக்கு மேல மட்டும் வெள்ளைத் துணி கேட்டோம். எக்ஸ்ட்ரா காசு கூட கிடையாது! மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் நாத்தனார் பின்னாடி இருந்து குனிவாங்க. அதே செகண்ட் கெட்டிமேளம், அட்சதை, மொத்த சனமும் எழுந்து நிக்கும், போதாக்குறைக்கு நாப்பது செல்போன். நாத்தனார் எந்தப் பக்கம் நிப்பாங்கன்னு முந்தின நாளே கேட்டு வெச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்துட வேண்டியதுதான். ஒரு ரோலுக்கு 36 படம்னு எண்ணி எண்ணி எடுத்த ஃபிலிம் காலத்துல இதை எப்படித்தான் சமாளிச்சாங்களோ! இப்ப ஒரே நேரத்துல ரெண்டு மெமரி கார்டுல பதியுற கேமரா இருக்கு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஆனா தாலி ஒரு தடவைதான்.

இப்ப முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். நண்பனோட அம்மாவுக்கு நாலு அண்ணன் தம்பிங்க. நாலு பேரும் வெளியூர்ல கட்டட வேலை, மில் வேலை. அவங்க எல்லாரும் ஒரே நேரத்துல ஊர்ல இருந்து வருஷக்கணக்காச்சு. முந்தின ராத்திரி ஒம்பதுக்கு மேல வருவாங்க, பந்தி முடிஞ்ச கையோட பஸ் ஏறிடுவாங்க. பாட்டிக்கோ போட்டோன்னா ஆதார் கார்டுல இருக்கிற ஒண்ணுதான். அதுல அவங்களைப் பார்த்தா அவங்களுக்கே அடையாளம் தெரியாது. பாட்டியும் நாலு பசங்களும் சேர்ந்து நிக்கிற படம் இந்த வீட்டுல ஒண்ணு கூட இல்லை.

கேண்டிட், அவுட்டோர்னு நாங்க ஒரு பக்கம் எழுதி வெச்சிருந்த லிஸ்ட்டை நண்பனோட அம்மா பொறுமையாக் கேட்டாங்க. "அதெல்லாம் எடுங்க கண்ணு. எங்கம்மாவையும் எங்க அண்ணன் தம்பிங்களையும் ஒண்ணா எடுத்துக் கொடுத்துடுங்க, போதும்"னாங்க.

எப்போ எடுக்கிறது? ராத்திரி வந்ததுமேன்னா, பயணக் களைப்பு, பாட்டி தூங்கியிருப்பாங்க. தாலி கட்டின உடனேன்னா மொய், சீர், காலில் விழுறதுன்னு மணவறையில ஒரே நெரிசல். பந்திக்கு அப்புறம்னா பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுல! கடைசியில காலை ஆறரை மணின்னு முடிவாச்சு. சூரியன் அப்பத்தான் வந்திருக்கும், தெருவுல வெயில் சாய்வா விழும், யாரும் கண்ணைச் சுருக்க வேண்டாம். இலை போடுறவர்கிட்ட, "தாய்மாமன்ங்க வர்ற வரைக்கும் முதல் பந்தி ஆரம்பிக்காதீங்க"ன்னு சொல்லி வெச்சோம். ஆளைக் கூப்பிட்டுச் சேர்க்க, அந்தத் தெருவுலயே பெரிய குரல் இருக்கிற சித்தப்பாவுக்குப் பொறுப்பு. 'பத்து நிமிஷம், ஒரு நாற்காலி, பொண்ணு மாப்பிள்ளை கூட வேண்டாம்' – ப்ளான்ல சிவப்பு மையில எழுதினது இதை மட்டும்தான்.

கல்யாணத்தன்னிக்கு ஆறரை ஆறே முக்காலாச்சு. மூணாவது மாமாவைக் காணோம்னு தேடினா, அவர் சமையல் பக்கம் சாம்பார் வாளியோட நிக்கிறார். சித்தப்பா குரல் அங்கே வரைக்கும் போச்சு. பாட்டி நாற்காலியில உட்கார்ந்து, "பல்லைக் காட்டணுமாடா?"ன்னு கேட்டாங்க. பெரிய மாமா சிரிச்சுட்டார். அண்ணன் அந்தச் சிரிப்பையும் சேர்த்து பன்னெண்டு படம் எடுத்தார்.

ஆல்பம் வந்தப்ப பரிசல் படத்துக்கு ரெண்டு முழுப் பக்கம் கொடுத்திருந்தாங்க. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினது பாட்டி படம். மூணாவது மாமா கையில சாம்பார் வாளி அப்படியேதான் இருக்கு.