வேட்டையோடு வருபவை

பூனை என்ன சாப்பிடுகிறது என்பதை அதன் தட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. காலையில் நாம் வைக்கும் மீன் சோறு வேறு, ராத்திரி முழுக்க அது தானாகத் தேடிக்கொள்வது வேறு. எங்கள் செவலை பொழுது சாய்ந்ததும் மதில் ஏறிவிடுவான். கொல்லைப்புறத்து விறகுக் குவியல், பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டில், தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் நெல் மண்டி எல்லாம் அவன் ராஜ்ஜியம். சுண்டெலி, பல்லி, அரணை, தவளை, கரப்பான், எப்போதாவது ஒரு குருவி. மூஞ்சூறைக் கொல்வான், தின்ன மாட்டான். அதை மட்டும் வாசற்படியில் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

பூனைக்கு வயிற்றில் பூச்சி என்றால் வீட்டுக்காரர்கள் சுத்தம் போதாதவர்கள் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. தினமும் தரையைத் துடைத்து, தட்டைக் கழுவி, கொதித்தாறிய தண்ணீர் வைத்தாலும் வேட்டையாடும் பூனைக்குப் புழு வரத்தான் செய்யும். பூனை எலி பிடிக்கும் என்பதை நம்பியே சில புழுக்கள் தங்கள் பிழைப்பை அமைத்துக்கொண்டிருக்கின்றன.

செவலை தூங்கி எழுந்துபோன நாற்காலி மெத்தையில் சில நாள் ஒரு பச்சரிசி மணி கிடக்கும். குனிந்து பார்த்தால் அது நீளும், சுருங்கும், மெல்ல ஓரத்துக்கு நகரும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து, பழுப்பேறி, எள்ளளவாகிவிடும். வாலடி ரோமத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது முழுப் புழு அல்ல, குடலில் இருக்கும் நாடாப்புழுவின் கடைசிக் கண்ணி. முட்டை நிரம்பியதும் கழன்று தானே ஊர்ந்து வெளியே வந்துவிடுகிறது. முட்டைகள் கண்ணிக்குள்ளேயே பொதிந்திருப்பதால் மலப் பரிசோதனையில் பல நேரம் ஒன்றும் தெரியாது. ஆகவே அருவருப்புப் படாமல் அதை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போய் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிடும்.

பூனைகளிடம் அதிகம் காணப்படும் நாடாப்புழுக்கள் இரண்டு. ஒன்று தெள்ளுப்பூச்சியால் வருவது. தெள்ளின் புழுப்பருவம் நாடாப்புழுவின் முட்டையைத் தின்கிறது. அது வளர்ந்து தெள்ளாகிப் பூனையின் மேல் ஏறுகிறது. அரிப்பெடுத்துப் பூனை தன்னை நக்கும்போது தெள்ளும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடுகிறது. இன்னொன்றுதான் வேட்டையில் வருவது. பூனையின் மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டையை எலி தின்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு எலியின் ஈரலுக்குப் போய், பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. எலிக்குள் அது முழு வளர்ச்சி அடைவதே இல்லை. பூனை அந்த எலியை ஈரலோடு தின்ன வேண்டும், அதற்காகத்தான் காத்திருக்கிறது. தின்றபின் பூனையின் குடலில் அரை மீட்டர் நீளம்வரைகூட வளரும். செவலை எலியைத் தலையில் தொடங்கி வால்வரை எதையும் மிச்சம் வைக்காமல் தின்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரல்தான் நினைவுக்கு வரும்.

எலியைவிடப் பல்லிதான் எனக்கு அதிகக் கவலை. நம் வீட்டுச் சுவரில் பல்லிக்குப் பஞ்சமில்லை, பூனைக்கு அது கொறிக்கும் தீனி. வெப்ப நாடுகளில் பல்லி தின்னும் பூனைகளுக்கு ஈரலில் ஒரு தட்டைப்புழு வருவதுண்டு. அதன் பயணம் வியப்பானது. பூனையின் மலத்திலிருந்து முட்டை நிலத்து நத்தைக்குள் போகிறது. நத்தையிலிருந்து, ஈரமான பூந்தொட்டிக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பல கால்களோடு ஊருமே, அந்தச் சிறு பூச்சிக்கு மாறுகிறது. அதைப் பல்லி தின்னும், பல்லியைப் பூனை தின்னும். கடைசியில் புழு பூனையின் பித்தக் குழாயில் போய்க் குடியேறுகிறது. கொஞ்சமாக இருந்தால் பூனை ஒன்றையும் காட்டிக்கொள்ளாது. அதிகமானால் சாப்பாட்டை வெறுக்கும், வாந்தி எடுக்கும், மெலியும். காது மடலின் உட்புறமும் கண்ணும் மஞ்சள் பூக்கும். நாடாப்புழுவுக்குத் தரும் வழக்கமான அளவு மருந்து இதற்குப் போதாது. கூடுதல் அளவை, மருத்துவர் சொல்கிற நாள் கணக்கில் தர வேண்டும். அதனால், மஞ்சள் பூத்த பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், அது பல்லி தின்னும் பூனை என்பதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு தகவலில் நோய் பிடிபடலாம்.

உருண்டைப்புழுவின் கதை தாய்ப்பாலில் தொடங்குகிறது. தாய்ப்பூனையின் உடம்பில் தங்கியிருக்கும் இளம்புழுக்கள் பால் வழியே குட்டிக்குப் போகின்றன. கைகால் குச்சியாக, வயிறு மட்டும் உப்பித் திரியும் குட்டியைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுகிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த உப்பல் பெரும்பாலும் புழு. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்தே குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து தர வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். பெரிய பூனைக்கு இதே புழு எலி, குருவி, கரப்பான் வழியாகவும் வரும்.

கொக்கிப்புழு வாய்ப்பற்களால் குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். அப்போது பூனையின் ஈறு வெளுத்துவிடும். உதட்டை லேசாகத் தூக்கிப் பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டால் போதும், ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பூனை, நாய், மனிதர் மூவரிடமும் வாழக்கூடிய ஒரு கொக்கிப்புழுவுக்கு அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. 1911-இல் அங்கே ஒரு புனுகுப்பூனையின் உடலிலிருந்துதான் அது விவரிக்கப்பட்டது.

மருந்து கொடுப்பதில் நாம் காட்டும் அவசரம்தான் ஆபத்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தரும் குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். பூனையின் எடை மூன்று, நான்கு கிலோ. அல்பெண்டசோல் பூனைக்கு எலும்பு மஜ்ஜையையே பாதிக்கக்கூடும். நாய்க்கு முதுகில் விடும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது, அது பூனைக்கு விஷம். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், வித்தியாசம்தான் பூனையின் எடை. அதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குவதற்கு அரை மணி நேரம் ஆகுமா?

நாடாப்புழுவுக்குத் தரும் பிராசிகுவாண்டெல் கடும் கசப்பு. நாக்கில் பட்டால் வாயில் நுரை தள்ளும். பயப்பட வேண்டாம், அது கசப்புக்குத்தான். இந்த மருந்து இருக்கிற புழுவைக் கொல்லும், நாளை வரப்போவதைத் தடுக்காது. இன்று மாத்திரை தின்ற பூனை நாளை ராத்திரி எலி பிடித்தால் கணக்கு மறுபடி தொடங்கிவிடும். ஆகவே வெளியே திரியும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது புழு நீக்கம் வேண்டும், அதிகம் வேட்டையாடினால் இன்னும் அடிக்கடி. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் மெத்தையில் அரிசி மணி திரும்ப வந்துவிடும்.

எதிர்வீட்டு மருமகள் முழுகாமல் இருந்தபோது அவள் மாமியார் ஒருநாள் வந்து, “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பூனையக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுடுங்க. வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம்” என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்றொரு கிருமி உண்டு. புழு அல்ல, ஒற்றைச் செல் உயிரி. எலியையும் குருவியையும் தின்னும் பூனைக்குத் தொற்றும், கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆனால் பூனை பொதுவாக முதல் தொற்றின்போது மட்டும், ஒன்றிரண்டு வாரம்தான் அதன் முட்டைகளை மலத்தில் வெளியேற்றுகிறது. வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒருநாளாவது ஆகும். பூனையை மடியில் வைத்துக்கொள்வதைவிட, வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்டத்து மண்ணும்தான் மனிதருக்கு அதிகம் தொற்றும் வழிகள்.

“பாப்பாவுக்குச் செடி வைக்கிற ஆசை இருந்தா கையுறை போட்டுக்கச் சொல்லுங்கம்மா. கறி நல்லா வேகட்டும். பூனை அசிங்கத்த அவ தொட வேண்டாம், தெனம் நான் அள்ளிடறேன்” என்றேன். மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னேன். கேட்டார்கள். அவரும் பூனையை விரட்டச் சொல்லவில்லை.

வேட்டையை நிறுத்திவிட்டால் எல்லாம் தீருமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. பூனையை வீட்டோடு வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும், குருவிகளுக்கும் அது நல்லது. ஓட்டு வீட்டில், திறந்த முற்றத்தில் அது நடக்காது. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் வளர்ப்பவரோடு விளையாடிய பூனைகளிடம் 25 சதவீதம் குறைந்தது. பால்சோற்றிலேயே வளரும் நம் பூனைகளுக்கு முதல் செய்தி மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பூனை ஊனுண்ணி, சோறு அதற்கு வயிற்றை நிரப்பும், தேவையை நிரப்பாது. செவலைக்கு இப்போது சோற்றைக் குறைத்து, வேகவைத்த மத்தியையும் கோழி ஈரலையும் கூட்டியிருக்கிறேன். சாயங்காலம் மதில் ஏறுவதற்கு முன் ஒரு சணல் கயிற்று நுனியில் கோழி இறகைக் கட்டி முற்றத்தில் இழுத்து ஓட விடுகிறேன். இன்னும் வேட்டைக்குப் போகிறான். அதனால் மாத்திரை நாளைக் காலண்டரில் வட்டமிடுவதையும் விடவில்லை.